பொட்டின் பின்பக்கம்

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். பசையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்தவன். கேட்டுத் தெரிந்தும் கொண்டேன். அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணம் அதனால் நின்றுபோனது. இதில் வேறு ஆட்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பங்கைக் காட்டி என் பங்கைக் குறைக்கப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தியாகராய நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஸ்டிக்கர் பொட்டு செய்தோம். வெல்வெட் துணியின் பின்பக்கம் பசை தடவி, வட்டம் வட்டமாக வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி விற்போம். கடுகு அளவிலிருந்து பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு வரை சைஸ் உண்டு. முதலாளி மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ரிப்பனும் ஹேர்ப்பின்னும் விற்று மேலே வந்தவர். பெரிய சோப்புக் கம்பெனிகளில் ஒவ்வொரு சரக்குக்கும் புராடக்ட் மேனேஜர் என்று ஒருவர் இருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடையாறில் மாலை வகுப்பில் நிர்வாகப் படிப்பு முடித்து வேறு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை அந்தப் பெயரில் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே ஐம்பதை நெருங்கும் வயது. முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கெமிஸ்ட்ரி" என்பார்.

எங்கள் பொட்டுக்கு இருந்த குறை எல்லாப் பொட்டுக்கும் இருந்ததுதான். சென்னை வெயிலில் வியர்த்தால் விழுந்துவிடும். காலையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறும் பெண் இறங்கும்போது பொட்டில்லாமல் இறங்குவாள். இதைச் சரி செய்தால் மற்ற எல்லாரையும் தாண்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கிண்டியில் செருப்புத் தொழிலுக்குப் பசை செய்கிற ஒருவரைப் பிடித்தேன். அவர் கொடுத்த பசை குளித்தாலும் விடவில்லை.

முதலாளிக்கு அதுவே கவலையாகிவிட்டது. "யோவ் கெமிஸ்ட்ரி, ஒரு பொட்டு ஒரு வாரம் நிக்கும்னா அட்டையில மீதி இருக்குறத நான் இன்னா பண்றது? என் நெத்தில ஒட்டிக்கவா?" என்றார்.

விலையை ஏற்றலாம், அட்டையை மாற்றலாம், 'குளித்தாலும் விழாது' என்று பெரிதாகப் போடலாம் என்றேன். அப்படியே செய்தோம். பாண்டி பஜார் நடைபாதைக் கடை வரைக்கும் எங்கள் அட்டை தொங்கியது. அடுத்த வருஷம் ஸ்டிக்கர் பொட்டையே நான்தான் கண்டுபிடித்தவன் போல நடந்துகொண்டேன்.

சோதனை என்று நாங்கள் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பசையை முதலில் எங்கள் பேக்கிங் பெண்களே வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வைத்துக்கொண்டால், அடுத்த வெள்ளிக்கிழமை வரை எடுக்கக் கூடாது. எத்தனை பேருக்கு விழுந்தது, யாருக்கு விழவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் சரக்கை வெளியே விடுவோம். இதற்கு ஆய்வகமும் வேண்டாம், செலவும் இல்லை என்று எனக்குப் பெருமை.

பேக்கிங்கை மேற்பார்வை பார்த்தவள் மந்தைவெளியிலிருந்து வரும் ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தச் சோதனையை முழு மனதோடு செய்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாக்கா, உன் நெத்தி இன்னா கார்ப்பரேசன் செவுரா? வாராவாரம் ஒரு போஸ்டர் ஒட்டிக்கினு கீறே."

"உனக்கென்னடி, படி எறங்கறதுக்குள்ள பிச்சுப் போட்டுட்டுக் குங்குமம் வச்சுக்கறே. யாராவது ஒருத்தி ஒழுங்கா வச்சுப் பாக்கணும்ல?"

நான் கேட்டுக்கொண்டே போவேன். அவள் நெற்றியைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

ரங்கநாதன் தெருவில் ஃபேன்சி சாமான் மொத்தமாக விற்கும் பாய் ஒருவர் இருந்தார். வளையல், சாந்து, பொட்டு எல்லாம் அவரிடமிருந்துதான் மற்ற கடைகளுக்குப் போகும். மாதம் ஒருமுறை அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தால் ஊரில் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் அவர் சொன்னார்:

"இன்னா சார், உங்க பொட்டு வர வர தோசை மாதிரி ஆயிட்டு வருது. பெரிசா குடு, பெரிசா குடுங்குறாங்க."

"சின்னது போகலையா பாய்?"

"போன வருசம் கடுகு சைஸ் கேட்ட பொண்ணு இப்ப நாலணா சைஸ் கேக்குது. அதே பொண்ணு சார். எனக்கு மூஞ்சி மறக்காது."

"டிவி சீரியல் பாய். அதுல பெரிய பெரிய பொட்டா வச்சுக்கறாங்க. அதைப் பாத்துத்தான்."

"இன்னா சீரியலோ நைனா. ஷோக்குக்கு வாங்குறவங்க கண்ணாடில வச்சுப் பாத்து, சிரிச்சு, பேரம் பேசி வாங்குவாங்க. இதுங்க தலைய குனிஞ்சுக்கினு வாங்கிக்கினு போவுதுங்க."

நான் இந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. பெரிய சைஸ் ஓடுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய அளவுகளுக்குத் தனி அட்டை போட்டேன், தனி விலை வைத்தேன், மயிலாப்பூர் மாடவீதியில் கடைகளுக்குத் தனியாகத் தொங்கவிடும் கொக்கி செய்து கொடுத்தேன். பெண்களின் ரசனை மாறுகிறது என்று வரைபடம் போட்டு முதலாளிக்குக் காட்டினேன். அந்தச் சமயத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு பெரிய அழகுசாதனக் கம்பெனி, எங்கள் பொட்டை அதன் பெயரோடு சேர்த்து விலைக்கு வாங்க ஆள் அனுப்பியது. முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும்தான். வாங்குகிறவர்களோடு என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு குழாயும் சின்னக் கண்ணாடியும் உண்டு. ஒரு மதியம் நான் படியேறி வரும்போது மந்தைவெளிப் பெண் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். நான் வந்தது தெரியாமல் நிமிர்ந்தாள். அவள் நெற்றி நடுவில், பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், பால் சொட்டி உறைந்த மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

அவள் சட்டென்று கையால் மறைத்தாள். பிறகு, நான்தானே என்று நினைத்தாளோ என்னவோ, கையை எடுத்துவிட்டாள்.

"எப்பலேருந்தும்மா இது?"

"தீபாவளிக்கு முன்னாடியே சார். முதல்ல மிளகு மாதிரிதான் இருந்துது. அடுத்த சைஸ் வச்சா தெரியல. அப்புறம் அதுக்கும் வெளியில வந்துடுச்சு. அதுக்கு அடுத்த சைஸ் வச்சேன்."

"வேற பொட்டு எதுவும் வச்சுப் பாக்கலையா?"

"நம்ம பொட்டு இருக்கறப்ப வேற எதுக்கு சார்?"

அந்தப் படியில் நின்றபோதுதான் பாய் சொன்னது எனக்கு விளங்கியது. கடுகு சைஸ் வைத்த பெண் நாலணா சைஸுக்கு வந்தது எதனால் என்று தெரிந்தது. ரசனை என்று நான் வரைபடம் போட்டுக் காட்டியது, ஊர் முழுக்க நெற்றியில் வளர்ந்துகொண்டிருந்த வெள்ளை. அதை மறைக்க அந்தப் பெண்கள் அதே பசையை இன்னும் அகலமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நான் தனி அட்டை போட்டிருந்தேன்.

அடையாறில் எனக்குப் பழக்கமான ஒரு ஆய்வு நிலையத்தின் நூலகத்துக்குப் போனேன். செருப்புப் பசையில் உறுதிக்காகச் சேர்க்கிற ஒரு வகைச் சேர்மம் தோலுக்கு நிறத்தைக் கொடுக்கும் உயிரணுக்களைச் சாகடிக்கும் என்று இருந்தது. கிண்டிக்காரருக்குப் போன் செய்தேன். "அது இல்லாம எப்படி சார் ஒட்டும்?" என்றார் அவர், நான் ஏதோ பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "பசைய மாத்திடு. அடுத்த டிரம்மு கிண்டி வேணாம், முன்ன வாங்கின பழைய பசையே வாங்கு. கடைல கீறது கீறபடி இருக்கட்டும். திரும்பி எடுத்தா ஊருக்கே தெரியும். பம்பாய்க்காரன் கையெழுத்துப் போடுற வரைக்கும் நீ எதுவும் படிக்கல, நான் எதுவும் கேக்கல" என்றார். சரி என்றேன். இந்தச் சரியைச் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு கொட்டிவாக்கம். பையன் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நிச்சயதார்த்தத்தன்று பையனின் அத்தை இவள் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைக்க வந்திருக்கிறார். ஸ்டிக்கர் மேல் குங்குமம் வைக்க முடியாது. நல்ல காரியத்தில் ஸ்டிக்கர் எதற்கு என்று சொல்லிக்கொண்டே அதைப் பிய்த்து எடுத்திருக்கிறார். கூடத்தில் எல்லார் முன்னாலும் அந்த வெள்ளை வட்டம் தெரிந்துவிட்டது. தட்டு மாற்றாமலே எழுந்து போய்விட்டார்கள்.

வெண்குஷ்டம் என்று அப்போது அதைச் சொல்வார்கள். அது குஷ்டமும் இல்லை, ஒட்டுவதும் இல்லை, இருந்தால்தான் என்ன என்று இன்று எழுதிவிடலாம். அன்று ஒரு வீட்டில் ஒருத்திக்கு அது இருந்தால் தங்கைகளுக்கும் வரன் வராது.

ஒரு வாரம் கழித்து அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது.

"டாக்டர்கிட்டப் போனோம் சார். பொட்டாலயும் வரலாம், தானாவும் வரலாம், பொட்டுல என்ன இருக்குன்னு கம்பெனில கேளுங்கன்னாரு. அவங்க வீட்டுல முழுசா வேண்டாம்னு சொல்லல. பொட்டாலதான்னு தெரிஞ்சா ஒத்துக்கறோம்னு சொல்றாங்க. நீங்க அப்பாகூடப் போய் ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாங்க."

பம்பாய்க்காரர்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. போகிறேன் என்றேன். போய் என்ன சொல்வேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு பஸ்ஸில் போனேன். மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முன் பாக்கெட்டில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பொய்யாகவும் இருக்கக் கூடாது, நிஜமாகவும் இருக்கக் கூடாது. திருவான்மியூர் தாண்டுவதற்குள் அது தயாராகிவிட்டது.

கொட்டிவாக்கத்தில் புது வீடு. வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. வாசல் வரைக்கும் கடல் மணல் வந்திருந்தது. பையனின் அப்பா எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். அத்தை கதவோரம் நின்றார்.

"நான் கெட்ட எண்ணத்துல எடுக்கலைங்க" என்று அவர்தான் ஆரம்பித்தார். "குங்குமம் வக்கத்தான் எடுத்தேன். எடுத்தா கீழ அப்படி இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

"அக்கா, நீ கொஞ்சம் இரு" என்றார் பையனின் அப்பா. என் பக்கம் திரும்பினார். "சார், எங்க பையன் ஒத்துக்கறான். பொண்ணு நல்ல பொண்ணு, எங்களுக்கும் தெரியும். பொட்டால வந்துதுன்னா அது தீக்காயத் தழும்பு மாதிரி, போகட்டும். ரத்தத்துல இருக்குன்னா நாளைக்குப் பொறக்கறதுக்கு என்ன பதில் சொல்றது? நீங்க படிச்சவர். அந்தக் கம்பெனிலயே இருக்கறவர். ஒரே வார்த்தை சொல்லுங்க. பொட்டுதானா?"

அவள் அப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "எங்க பொட்டை ஊர் முழுக்க வச்சுக்கறாங்க. இதுவரைக்கும் அப்படி ஒரு புகார் வந்ததில்லை."

பையனின் அப்பா, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். உள்ளேயிருந்து காபி வந்தது. குடித்தோம்.

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி வரும்போது அவள் அப்பா என்னைத் திட்டவில்லை. நான் என்ன செய்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமையும் எங்களுக்காக வெயில்ல வந்தீங்க சார்" என்று சொல்லி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை பேக்கிங் பெண்கள் வருவதற்கு முன்னால் வந்து நின்றாள்.

"புகார் வந்ததில்லைன்னு சொன்னீங்களா சார்?"

"ஆமா."

"நான் உங்ககிட்டச் சொன்னேனே. படிக்கட்டுல. அது என்ன சார்?"

நான் மேஜை மேலிருந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். அவள் வேலைக்குப் போனாள்.

பம்பாயிலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் வந்த அன்று, அவள் வெறும் நெற்றியோடு வந்தாள். பொட்டுமில்லை, குங்குமமுமில்லை. நடுவில் அந்த வெள்ளை வட்டம் மட்டும். தன் இடத்தில் உட்கார்ந்து அட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கிண்டல் செய்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அட்டை ஒட்டினார்கள்.

முதலாளி என்னைத் தனியாக இழுத்துப் போனார். கார் கீழே வந்துவிட்டது. "வீட்டுக்கு அனுப்பு, இல்ல எதனா வைக்கச் சொல்லு. எனக்குத் தெரியாது. ஒன்ன நம்பித்தான் கீறேன்" என்றார்.

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, "இன்னிக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கோம்மா" என்றேன்.

"வேண்டாம் சார். பொட்டு வச்சுக்கறேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த சைஸ் வைக்கணும்னு நீங்களே எடுத்துக் குடுங்க."

படியில் பம்பாய்க்காரர்கள் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ரேக்குக்குப் போனேன். எந்தப் பெட்டி என்று தேடவேயில்லை. அவள் கடைசியாக வைத்திருந்ததற்கு அடுத்த அளவை எடுத்துக்கொண்டு வந்தேன். சரியாக மூடியது. அந்த வட்டம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

பம்பாயிலிருந்து வந்த அம்மாள் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அவள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்: வேகமாக வளர்கிறது என்று காட்டினீர்களே, அந்த அளவு இதுதானா? ஆமாம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார் அவர்.

"உனக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தேன்.

"தேங்க்ஸ் சொல்லுங்க சார்" என்றாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வியாபாரம் முடிந்தது. பம்பாய்க்காரர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள். பசை மாறிய விஷயத்தையே அட்டையில் போடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். 'சருமத்துக்கு மென்மையானது' என்று போட்டோம். அது முன்னதைவிட நன்றாக விற்றது. கடைகளிலிருந்த பழைய சரக்கு விற்று முடிகிற வரை விற்றது. எத்தனை நெற்றிகள் என்று எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் என் வீட்டிலிருந்து மந்தைவெளியில் அவள் வீட்டுக்கு நடந்தே போகலாம். நான் போகவில்லை.

ஆனால் கொட்டிவாக்கத்துக்குப் போனேன். கையெழுத்து ஆகிவிட்டது, இனி யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்து, தள்ளிப்போட்டு, கடைசியில் தை மாதத்தில் ஒரு நாள் போனேன். இந்த முறை வாக்கியம் எதுவும் தயார் செய்யவில்லை. பொட்டுதான், பசைதான், எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்வதாக இருந்தேன்.

வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தலில் நாற்காலி போட்டிருந்தார்கள். முந்தின நாள் மண்டபத்தில் பையனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அன்று வீட்டில் விருந்து. நான் திரும்புவதற்குள் பையனின் அப்பா பார்த்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. எப்படித் தெரிஞ்சுது? பத்திரிகை வைக்கணும்னு நெனச்சேன், விலாசம் இல்ல." கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பந்தியில் உட்காரவைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "இவர்தான் நான் சொன்ன பொட்டுக் கம்பெனி சார். தன் கம்பெனிப் பொண்ணுன்னு பாக்காம, மழுப்பாம, உள்ளதைச் சொன்னாரு. இல்லேன்னா நாங்க ஏமாந்துதான் போயிருப்போம்" என்றார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். புது மருமகள் பாயசத் தூக்கை எடுத்துக்கொண்டு பந்தியில் வந்தாள். சின்னப் பெண். நெற்றியில் குங்குமம்தான் வைத்திருந்தாள். என் இலைக்கு வந்ததும், போதும் என்று நான் கை காட்டியும் கேட்காமல் இன்னொரு கரண்டி விட்டாள்.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். அது நல்ல காரணம் மாதிரி இருந்தது. எனக்கு எப்போதுமே ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். சாப்பிட்டு முடித்து, சுப காரியத்தில் மூட வேண்டியபடி இலையை என் பக்கமாக மடித்து மூடினேன். பையனின் அப்பா தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.